நகரத்துக்கு வளைவு வேண்டாம், வாய்க்கால் வேண்டும்

உள்ளூராட்சித் தேர்தல் வந்துவிட்டால் எமது அரசியல்வாதிகளை இரண்டு நோய்கள் பிடித்துக்கொள்ளும். சந்தைக்குக் கூரை போடுவதற்கான தேர்தலைத் தமிழ்த் தேசியத்தின் சர்வசன வாக்கெடுப்பாக மாற்றுவது ஒன்று. தமது சிறுபட்டினத்தைச் சிங்கப்பூராக்கிக் காட்டுவதாகச் சத்தியம் செய்வது மற்றையது. முதலாவது நோயைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. இரண்டாவதே இன்றைய விடயம்.

2018 பெப்ரவரி 10 இற்குப் பின்னர், ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 மே 6 இல் தான் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டியதைக் காசில்லை என்று ஒத்திவைத்தார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சபைகளை நடத்தியவர்கள் அதிகாரிகளே. நீதிமன்றப் படியேறி மீட்ட வாக்கு அது. அந்த வாக்கைக் கேட்டு வந்தவர்கள் எதைச் சொல்லிக் கேட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

குடாநாட்டின் ஒரு நகரசபைக்குப் போட்டியிட்ட வேட்பாளர் ஒருவருடன் அந்நாட்களில் பேசக் கிடைத்தது. படித்தவர், நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். செத்துக்கொண்டிருக்கும் கடைத்தெருவுக்கு எப்படி உயிர் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். நுழைவாயிலில் வளைவு, சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரம், ஊர்ப் பெயருடன் இதயம் வரைந்த பெரிய பலகை, வெளிநாட்டு உறவுகளின் முதலீட்டில் ஐந்து மாடிக் கடைத்தொகுதி என்று அடுக்கினார். சபைக்குச் சொந்தமான கடைகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன, கடைசியாகச் சந்தைக் குத்தகை எவ்வளவுக்குப் போனது, சோலைவரி நிலுவை எவ்வளவு என்று மூன்றே கேள்விகள் கேட்டேன். "அதெல்லாம் உள்ளுக்கை போய்த்தான் பாக்கோணும், ஐயா" என்றார்.

இது ஒருவரின் குறையன்று. கட்சி வேறுபாடின்றி எல்லா மேடைகளிலும் கேட்ட பல்லவி இதுதான். நகரம் என்பது கட்டடம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நகரம் என்பது கொடுக்கல் வாங்கல்.

எமது சிறுபட்டினங்கள் எப்படி உண்டாயின? சாவகச்சேரியை எடுத்துக்கொள்வோம். தென்மராட்சியின் மாங்காயும் பலாப்பழமும் தேங்காயும் வந்து இறங்கிய இடம் அது. காலையில் பொருளை விற்ற விவசாயி அந்தக் காசுடன் நேரே வீட்டுக்குப் போவதில்லை. மருந்து வாங்குவார், மண்வெட்டிக்குப் பிடி போடுவார், பிள்ளைக்குக் கொப்பி வாங்குவார், தேநீர் குடித்துவிட்டு பஸ் ஏறுவார். சந்தையைச் சுற்றியுள்ள கடைகள் அந்தக் காசில்தான் வளர்ந்தன. ஆகவே விவசாயி சந்தைக்கு வருவதை நிறுத்தினால், புடவைக் கடைக்காரர் எவ்வளவு விளக்குப் போட்டாலும் பயனில்லை.

2000 ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரம் ஏறக்குறையத் தரைமட்டமானது. அதன் பின்னரும் கடைகள் எழுந்தன. மக்கள் மீண்டும் விற்கவும் வாங்கவும் வந்ததே அதற்குக் காரணம். எறிகணைக்குத் தப்பி எழுந்த பட்டினங்களை நிர்வாகச் சோம்பலுக்குப் பலிகொடுப்பது எவ்வளவு பெரிய வெட்கம்!

குடாநாட்டுச் சந்தைகளில் ஆண்டாண்டு காலமாக நடக்கும் ஒரு கொள்ளையைச் சொல்கிறேன். அதற்குக் 'கழிவு' என்று பெயர். நூறு கிலோ மரக்கறி கொண்டுவரும் விவசாயிக்குத் தொண்ணூறு கிலோவுக்கே காசு. பத்துக் கிலோ பழுதாகும், நிறை குறையும் என்பது வியாபாரிகளின் நியாயம். விவசாயிகள் முறையிட்டார்கள், கூட்டங்கள் நடந்தன, இனிக் கழிவு இல்லை என்று அறிவிப்புகளும் வந்தன. சில நாட்கள் கழித்துப் பழைய தராசு பழையபடி ஆடியது. சந்தை சபையினுடையது. அதற்கு உபவிதி இயற்றும் அதிகாரம் சபைக்குண்டு. சந்தை வாசலில் சபையின் தராசு ஒன்றை வைத்து, அந்த நிறைக்கே காசு என்று விதித்து, மீறுபவரின் இடத்தை இரத்துச் செய்வதற்குக் கொழும்பின் அனுமதி தேவையா? 13 ஆம் திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை அந்தத் தராசு காத்திருக்க வேண்டுமா?

அடுத்தது சபையின் கடைகள். பல ஆண்டுகளுக்கு முன்னர் மிகக் குறைந்த வாடகைக்குக் கடை எடுத்தவர், தாம் வியாபாரம் செய்யாமல், இன்னொருவருக்குப் பல மடங்கு வாடகைக்குக் கைமாற்றிவிட்டு வீட்டிலிருப்பார். உண்மையில் வியாபாரம் செய்யும் இளைஞனின் உழைப்பு இடையிலிருப்பவருக்குப் போகும். சபைக்குச் சில்லறைதான் மிஞ்சும். இதைத் தொட்டால் வாக்குப் போகும் என்பதால் எவரும் தொடுவதில்லை. இந்நிலையில் ஐந்து மாடியில் இன்னும் நூறு கடைகள் கட்டினால் என்ன நடக்கும்? கையில் மரக்கறிப் பையுடன் வருபவர் மூன்றாம் மாடிக்கு ஏறமாட்டார். கீழ்த்தளம் மட்டும் இயங்கும். மேலே புறாக்கள் குடியிருக்கும்.

மூன்றாவது, மலசலகூடம். சிரிக்க வேண்டாம். விடியற்காலை சந்தைக்கு வந்து மதியம்வரை குந்தியிருந்து கீரை விற்கும் பெண்கள், போக இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். தூரத்துக் கிராமத்திலிருந்து வரும் தாய்மார் அதே காரணத்துக்காக அரைமணி நேரத்தில் பட்டினத்தை விட்டுப் புறப்படுகிறார்கள். சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் இடமொதுக்கிய சட்டத்தின் கீழ் 2018 இலும் 2025 இலும் தேர்தல் நடந்துவிட்டது. தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு மலசலகூடத்தை நாள்தோறும் சுத்தமாக வைத்திருப்பேன் என்பதை முதல் வாக்குறுதியாகச் சொன்ன மேடை ஒன்றையும் நான் காணவில்லை.

வாய்க்காலும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழை வரும் என்பது சபைக்குத் தெரியாத இரகசியமன்று. புரட்டாசியில் தூர்வாராத வாய்க்கால், கார்த்திகையில் கடைக்குள் வருகிறது. வருடத்தின் நல்ல வியாபாரக் காலமாகிய தீபாவளி, நத்தார், பொங்கல் மூன்றும் அந்தச் சேற்றுக்குள்ளேயே வருகின்றன.

சபைகளுக்கு அதிகாரம் இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. பட்டினத்தை ஊடறுத்துச் செல்லும் ஏ9 வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. பஸ்கள் யார் எப்போது ஓடுவது என்பது வேறு அலுவலகங்களின் கையில். யாழ். மாநகர சபை குப்பை கொட்டுவோரைக் கண்காணிக்க ஒரு பணிக்குழுவை அமைத்தபோது, அவர்களின் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்தது என்று சொல்லி, 2021 ஏப்ரலில் முதல்வர் மணிவண்ணனையே கைது செய்தார்கள். குப்பை பொறுக்குவதற்கும் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவிடம் விளக்கம் சொல்ல வேண்டிய நாடு இது. எனவே அதிகாரப் பகிர்வுக் கோரிக்கையை எவரும் கைவிட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். கையில் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தாதவர், கிடைக்கப் போகும் அதிகாரத்தால் என்ன செய்வார்? சந்தை, வாய்க்கால், குப்பை, தெருவிளக்கு, உள்ளூர் வீதி, வியாபார அனுமதி, நூலகம் இவையெல்லாம் சபையின் கையில் உள்ளவையே. அவற்றை ஒழுங்காகச் செய்துகாட்டும் சபையே அதிகாரப் பகிர்வுக்கான மிகச் சிறந்த வாதம். தூர்ந்த வாய்க்கால் அதற்கு எதிரான வாதம். இவர்களுக்கு எதற்கு மேலும் அதிகாரம் என்று கொழும்பில் கேட்பவனுக்கு நாமே சாட்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பட்டினத்தின் நடுவில் பற்றை மண்டிக் கிடக்கும் காணிகளில் பல, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருப்பவர்களுக்குச் சொந்தமானவை. விற்கவும் மாட்டோம், வாடகைக்கு விடவும் மாட்டோம், அற்றோணித் தத்துவம் கொடுக்கவும் நம்பிக்கையில்லை என்று ஆண்டுகள் கழிகின்றன. அந்தக் காணிகளே பட்டினத்தின் உடைந்த பற்கள். அதேவேளை வளைவுக்கும் கோபுரத்துக்கும் காசு கேட்டால் தாராளமாக அனுப்புகிறீர்கள். கல்லில் பெயர் பொறிக்கிறார்கள். மலசலகூடத்தின் பராமரிப்புச் செலவுக்கு எவரும் அனுப்புவதில்லை, ஏனென்றால் அங்கே பெயர் பொறிக்க எவரும் விரும்புவதில்லை. உங்கள் காணியைத் துப்புரவாக்கி, ஒரு தையற்காரருக்கோ சைக்கிள் திருத்துபவருக்கோ நியாயமான வாடகைக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு வளைவைவிட அது ஊருக்குச் செய்யும் பெரிய உதவி.

வென்றவர்கள் 2025 ஜூனில் ஆசனங்களில் அமர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் வளைவைப் பற்றி இனி எவரும் பேச வேண்டாம். சபையின் கடைகளை உண்மையில் நடத்துபவர்கள் யார், என்ன வாடகை என்ற பட்டியலைச் சபை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். சந்தைக்குத் தராசு எப்போது வரும் என்று கேளுங்கள். புரட்டாசி முடிவதற்குள் எந்தெந்த வாய்க்கால் தூர்வாரப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். மலசலகூடத்தின் கதவைத் தவிசாளரே வாரத்தில் ஒரு நாள் திறந்து பார்க்கட்டும். பதில் சொல்ல முடியாதவர், அடுத்த முறை மணிக்கூட்டுக் கோபுரத்தின் படத்துடன் உங்கள் படலைக்கு வந்தால், அதே படலையைச் சாத்திவிடுங்கள்.