வென்றோர் கடமை

போரில் வெல்வது வேறு. போரை முடிப்பது வேறு. படையும் கருவியும் மிகுந்த நாடு பகைவனை வென்றுவிடலாம். ஆயின், வீழ்ந்தவன் உள்ளத்தில் பகைமை வீழாது நிற்குமாயின், அப்போர் முடிந்ததாகாது. உறங்குகிறது என்றே கொள்ளல் வேண்டும். உறங்கும் போர் ஒருநாள் விழித்தெழும். இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டு இரு பெரும் போர்களால் உலகிற்கு உணர்த்தியது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில் போர்வீரர் மட்டும் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் மாண்டனர். இனி ஒரு போர் வேண்டா என்று உலகம் கண்ணீர் விட்டது. ஆயினும், இருபத்தோர் ஆண்டு நிரம்புமுன்னரே, 1939-இல், இரண்டாம் உலகப் போர் மூண்டது. அதில் வீரரும் குடிமக்களுமாக 5 கோடிக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். முதற் போரை வென்றவர் அதனை முடிக்க அறியாமற் போனதும் இவ்வழிவிற்கு ஒரு காரணம் என்பது என் துணிபு.

இதனை விளக்க இரண்டு இடங்களின் வரலாற்றைக் கூறுவேன். ஒன்று, ஓர் அரண்மனைக் கூடம். மற்றொன்று, ஒரு புகைவண்டிப் பெட்டி.

பாரிசு நகருக்கு அணித்தே உள்ளது வெர்சேல்ஸ் என்னும் ஊர். பிரெஞ்சு மன்னர் அங்குக் கட்டிய மாளிகையில் கண்ணாடிக் கூடம் ஒன்று உண்டு. 1870-இல் மூண்ட போரில் பிரான்சு தோற்றது. வென்ற ஜெர்மானியர் தம் பேரரசைத் தம் மண்ணில் நிறுவினாரல்லர். 1871-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள், தோற்றவருடைய அக்கூடத்திலேயே அதனைப் பறைசாற்றினர். அவ்வளவில் நின்றனரோ? இல்லை. 500 கோடி பிராங்கு தண்டமாகப் பெற்றனர். அல்சேஸ், லொரைன் என்னும் எல்லைப் பகுதிகளில் பெருநிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர். தோல்வியைக் காலம் ஆற்றியிருக்கும், அவமதிப்பை ஆற்றவில்லை. பிரெஞ்சுச் சிறுவர் ஒரு தலைமுறை முழுவதும் அப்புண்ணை நினைந்தே வளர்ந்தனர்.

சக்கரம் சுழன்றது. 1918-இல் ஜெர்மனி தளர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 11-ஆம் நாள், பிரான்சு நாட்டுக் கொம்பியேன் காட்டில், படைத்தலைவர் ஃபோஷ் அமர்ந்திருந்த புகைவண்டிப் பெட்டியில், போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜெர்மனியின் சார்பில் வந்த குழுவின் தலைவர் எர்ஸ்பெர்கர் படைவீரர் அல்லர்; அரசியலாளர். நாட்டின் அழிவை நிறுத்தக் கையொப்பமிட்ட அவரை, மூன்றாண்டு கழியுமுன் தம் நாட்டுத் தீவிரவாதிகளே சுட்டுக் கொன்றனர். அமைதிக்குக் கையொப்பமிடுதலும் சிலவேளை உயிரை விலையாகக் கேட்கும் போலும்!

1919-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள், அதே வெர்சேல்ஸ் மாளிகையில், அதே கண்ணாடிக் கூடத்தில், ஜெர்மானியர் தலைகுனிந்து நின்றனர். உடன்படிக்கையை ஆக்கிய பேச்சுகளில் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. எழுதி முடித்த ஏட்டைக் கொடுத்து, கையொப்பமிடுக என்றனர். போரில் முகம் சிதைந்த பிரெஞ்சு வீரர் ஐவரை அக்கூடத்தில் அமர்த்தியிருந்தனர். அதனைக் கண்டு பிரான்சைப் பழித்தல் எளிது. ஆனால், அந்நாடு அப்போரில் ஏறத்தாழ 14 இலட்சம் வீரரை இழந்திருந்தது. அதன் துயர் பொய்யன்று, சினமும் பொய்யன்று. துயருற்றவன் சினத்தோடு எழுதிய தீர்ப்பு நெடுங்காலம் நிலைக்குமா என்பதே கேள்வி.

போரினால் விளைந்த இழப்புக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் தோழரும் பொறுப்பாவர் என அவ்வுடன்படிக்கை விதித்தது. படை ஓர் இலட்சம் பேருக்கு மிகலாகாது என்றது. 1921-இல் தண்டத் தொகை 13,200 கோடிப் பொன் மார்க்கு என முடிவு செய்யப்பட்டது. தவணை தவறியதும், 1923 சனவரியில் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் நிலக்கரி மிகுந்த ரூர் பகுதியுள் புகுந்தன. அங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குப் பொருள் வழங்க, ஜெர்மானிய அரசு வரைமுறையின்றிப் பணத்தாளை அச்சிட்டது. 1914-இல் ஒரு டாலருக்கு நான்கு மார்க்கு அளவில் இருந்த மதிப்பு, 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4 இலட்சம் கோடி மார்க்கையும் கடந்து சரிந்தது. வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த முதியோர், அச்சேமிப்பால் ஓர் அப்பமும் வாங்க இயலாது திகைத்தனர்.

இவ்விளைவை முன்னரே உணர்ந்தவர் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் நிதித்துறை சார்பில் மாநாட்டிற்குச் சென்ற பொருளியல் அறிஞர் கெயின்ஸ், 1919-இல் தம் பொறுப்பைத் துறந்து வெளியேறினார். இவ்வமைதி ஐரோப்பாவையே நலிவிக்கும் என்று அவ்வாண்டே நூல் எழுதி எச்சரித்தார். எச்சரிக்கை காற்றில் கரைந்தது.

ஹிட்லர் தோன்றியதற்கு வெர்சேல்ஸ் ஒன்றே காரணம் என்று நான் கூறேன். 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் காரணம், இனவெறியும் காரணம், அவரை அரியணை ஏற்றிய அரசியலாளரின் குறுகிய நோக்கும் காரணம். அவர் செய்த கொடுமைகளுக்கு எவ்வுடன்படிக்கையும் கழுவாய் ஆகாது. ஆயினும், நெருப்பு வைத்தவன் ஒருவனாயினும், வைக்கோலைக் குவித்தவர் பலர் அன்றோ? அவமதிப்பை நினைவூட்டியே ஹிட்லர் மக்களைத் தம்பால் ஈர்த்தார்.

1940-இல் பிரான்சு மீண்டும் வீழ்ந்தது. ஹிட்லர் செய்தது யாது? காட்சிப் பொருளாகக் காக்கப்பெற்றிருந்த அப்பழைய புகைவண்டிப் பெட்டியை வெளியே இழுத்து, 1918-இல் நின்ற அதே இடத்தில் நிறுத்தச் செய்தார். சூன் 22-ஆம் நாள், அதே பெட்டியில் பிரெஞ்சுக்காரர் கையொப்பமிட்டனர். பின்னர் அப்பெட்டி பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டது, 1945-இல் தீக்கிரையாயிற்று. கூடத்திற்குக் கூடம், பெட்டிக்குப் பெட்டி என எழுபது ஆண்டுகள் பழியைப் பழி தொடர்ந்த கதை இது.

1945-இல் ஜெர்மனி முற்றிலும் வீழ்ந்தது. இம்முறை என்ன செய்தனர்? குற்றத்தை மன்னித்துவிட்டனரோ எனின், இல்லை. நூரம்பெர்க் நகரில் நீதிமன்றம் அமைத்து, தலைவர் 22 பேர்மீது வழக்கு நடத்தினர். சான்று கேட்டனர், எதிர்வாதமும் கேட்டனர், 1946-இல் 12 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தனர், மூவரை விடுவித்தனர். குற்றவாளியை ஒறுத்தல் வேறு, குடிமக்கள் அனைவரையும் ஒறுத்தல் வேறு என்னும் தெளிவு அங்கே பிறந்தது. 1948 முதல் அமெரிக்கா, மார்ஷல் திட்டத்தின்வழி ஏறத்தாழ 1,300 கோடி டாலரை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு வழங்கியது. தோற்ற மேற்கு ஜெர்மனியும் அதில் பங்கு பெற்றது. 1953-இல் இலண்டனில், கடன் கொடுத்த நாடுகள் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறக்குறையப் பாதியைத் தள்ளுபடி செய்தன.

இவற்றினும் சிறந்த செயல் ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமன் ஒரு கருத்தை வெளியிட்டார். பிறப்பால் ஜெர்மானியக் குடிமகனாய் இருந்து, 1918-க்குப் பின் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர் அவர். எல்லைக்கோடு தன்மேல் ஊர்ந்து செல்லும் துன்பத்தை அறிந்தவர். பீரங்கி செய்ய இரும்பும் எஃகும் வேண்டும். எஃகு செய்ய நிலக்கரி வேண்டும். இரு நாடுகளின் நிலக்கரியும் எஃகும் ஒரு பொது ஆட்சியின்கீழ் வந்தால், ஒருவர் அறியாமல் மற்றவர் போருக்கு அணியமாதல் இயலாதன்றோ? 1951-இல் ஆறு நாடுகள் இதற்கு இசைந்தன. அவ்வித்தே பின்னர் ஐரோப்பிய ஒன்றியமாகக் கிளைத்தது. அன்று தொட்டு இன்று வரை பிரான்சும் ஜெர்மனியும் ஒன்றன்மேல் ஒன்று படையெடுக்கவில்லை.

“அஃது அன்பால் வந்த அமைதியா? பொதுப்பகை பற்றிய அச்சத்தால் வந்ததன்றோ?” என்று வினவுவாரும் உளர். சோவியத்து நாட்டைப் பற்றிய அச்சமும் காரணமே, மறுக்கவில்லை. அச்சம் பகைவரை ஓரிடத்தில் சேர்க்கலாம். சேர்ந்தவரை நெடுங்காலம் பிரியாது வைப்பது நியாயமான ஏற்பாடே.

மாணவர்களே, இதனை நான் நூலில் மட்டும் கற்றேனல்லேன். நான் ஆசிரியனாய் இருந்த பள்ளியில், சடுகுடு ஆட்டத்தில் மாணவர் இருவர் அடித்துக்கொண்டனர். தவறு செய்தவனை வகுப்பின் முன் மண்டியிடச் செய்து, மற்றவனிடம் மன்னிப்புக் கேட்கவைத்தேன். நீதி வழங்கிவிட்டதாக மகிழ்ந்தேன். மறுவாரம் மற்றவனுடைய புத்தகங்கள் கிழிந்து கிடந்தன. கிழித்தவன் அவனே, ஆயினும், கிழிக்கும் சினத்தை வளர்த்தவன் நான் என்பதை அன்றிரவு உணர்ந்தேன். கிழித்த நூல்களுக்கு ஈடாகப் பாடங்களை அவன் கையாலேயே எழுதித் தரச் செய்தேன். பின்னர், பள்ளித் தோட்டத்திற்கு நீர் ஊற்றும் பொறுப்பை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தேன். கிணறு ஒன்று, கயிறு ஒன்று, வாளி ஒன்று. ஒருவன் இறைத்தாலன்றி மற்றவன் ஊற்ற இயலாது. அவர்கள் உயிர் நண்பராயினர் என்று கூறேன், மீண்டும் அடித்துக்கொள்ளவில்லை. அதுவே போதும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், கொம்பியேன் காட்டிற்குப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோனும் ஜெர்மானிய அரசுத் தலைவர் மெர்க்கலும் வந்தனர். எரிந்துபோன பெட்டிக்கு ஈடாக, அதே வகைப் பெட்டி ஒன்று அங்கு வைக்கப்பட்டுள்ளது. இருவரும் அதனுள் சென்று அமர்ந்தனர். இம்முறை எதிரெதிராக அல்ல. ஒருவர் பக்கத்தில் ஒருவராக.

வெல்லும் நாள் உங்களுக்கும் வரும். ஆடுகளத்தில் வரலாம், வழக்கில் வரலாம், வாழ்க்கையில் வரலாம். அன்று தோற்றவனை எங்கே அமர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே, அவ்வெற்றி முடிவாகவோ மற்றொரு போரின் முதல் நாளாகவோ அமையும்.