முதலாண்டுப் பாடம் வேண்டுமா?

கலஞ் செலுத்தப் புகுவோனுக்குத் தோள்வலி மட்டும் போதாது. திசையறியும் அறிவும் வேண்டும். ஆராய்ச்சி யென்னும் கடலிற் புகுவோர்க்கும் இஃது ஒக்கும்.

மூலக்கூற்று உயிரியலிலும் உயிர் இரசாயனத்திலும் டாக்டர் பட்டம் நாடி அமெரிக்கப் பல்கலைக் கழகங்களிற் சேரும் மாணாக்கர், முதலாண்டில் ஒரு பெரும் பங்கை வகுப்பறையிற் கழிக்க நேர்கின்றது. "பட்டம் பெற்றுவிட்டோம், இனியும் பாடமா? ஆய்வுக்கூடத்திற் புகுந்து கைவேலை பழகினால் கல்வி தானே வாராதோ?" என்று அவருட் சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. முன் கற்றதையே விரித்துரைப்பது பாடமாயின், ஓராண்டு வீணென்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் நோக்கம் அதுவன்று என்பதே எம் கருத்து.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உயிரியல் துறையை நோக்குக. அங்குப் புதிதாய்ச் சேர்வோர்க்குரிய பாடங்களுள் ஒன்று, 'மூலக்கூற்று உயிரியலின் முறையும் தருக்கமும்' என்னும் பெயருடையது. ஆராய்ச்சியாளர் தாமே எழுதிய மூலக்கட்டுரைகளை வாசித்து, அவற்றிற் கண்ட சோதனைகள் முடிவைத் தாங்குமோ என வாதிப்பதே அதன் உள்ளீடு. மாணாக்கர் தாமும் ஓர் ஆய்வுத் திட்டம் வகுத்து எழுத்திலும் பேச்சிலும் விளக்குதல் வேண்டும்.

இத்தகைய வாசிப்பின் பயன் யாது? 1958-இல் மெசெல்சன், ஸ்டால் என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ. ஈரிழையாலாயது என்று வாட்சனும் கிரிக்கும் 1953-இல் உரைத்தபின், அது இரட்டிக்கும் வகை பற்றி மூன்று கொள்கைகள் எழுந்தன. பழைய இழைகள் இணைந்தே நிற்க, முற்றும் புதியதோர் இணை தோன்றும் என்பது ஒன்று. பழையதொன்றும் புதியதொன்றுமாய் இணையும் என்பது மற்றொன்று. பழையதும் புதியதும் துண்டு துண்டாய்க் கலக்கும் என்பது மூன்றாவது.

அவ்விருவரும் கனமான நைட்ரஜன் 15 கலந்த உணவிற் பாக்டீரியாவைப் பல தலைமுறை வளர்த்து, பின் நைட்ரஜன் 14 உள்ள உணவிற்கு மாற்றினர். டி.என்.ஏ.யைச் சீசியம் குளோரைடுக் கரைசலில் இட்டு மிகு வேகமாய்ச் சுழற்றி, அடர்த்தியால் வேறுபடுத்திக் கண்டனர். ஒரு தலைமுறைக்குப்பின் கனமானதும் இலேசானதும் வெவ்வேறாய் நிற்கவில்லை. இடைப்பட்ட அடர்த்தியுள்ள பட்டை ஒன்றே தோன்றிற்று. முதற்கொள்கை வீழ்ந்தது. இரண்டாந் தலைமுறையிற் பாதி இடைப்பட்டதாயும் பாதி இலேசானதாயும் நின்றது. மூன்றாங் கொள்கையும் வீழ்ந்தது.

பாடநூலில் இம்முடிவு ஒரே வரி. மூலத்தை வாசிப்பவனோ, முதல் தலைமுறையோடு சோதனையை நிறுத்தியிருந்தால் இரு கொள்கைகள் எஞ்சியிருக்கும் என்பதையும் காண்கின்றான். எச்சோதனை எதனை மறுக்கும், எதனை மறுக்காது என்னும் இவ்வறிவன்றோ ஆராய்ச்சியின் உயிர்நாடி!

அளவை பற்றிய பாடங்களும் இத்தன்மையனவே. 1913-இல் மைக்கேலிசும் மௌட் மென்டென் அம்மையாரும் நொதிவினையின் தொடக்க வேகத்தையே கணக்கிற் கொண்டனர். நேரஞ் செல்லச் செல்ல விளைபொருள் மிகுந்து வினையைத் தடுக்குமாதலின். காரணத்தை விட்டுச் சமன்பாட்டை மட்டும் மனனஞ் செய்தவன், காலந் தவறி அளந்த எண்ணையும் மெய்யென்றே நம்புவான்.

கைத்திறனை ஆய்வுக்கூடம் கற்பிக்கும். தன் கருத்தைத் தானே ஐயுறும் பயிற்சியோ, வேலையின் விரைவில் எளிதில் அமைவதன்று. அப்பயிற்சி இல்லாதவன் நான்காண்டு உழைத்தபின், தன் சோதனை எதனையும் நிறுவவில்லை எனக் காணக்கூடும். அவன் இழப்பது பொருளன்று, இளமை. அவன் முடிவை நம்பி மேலே கட்டியவர் உழைப்பும் அதனோடு அழியும்.

ஆதலின், முதலாண்டுப் பாடத்தை ஒழித்தல் தகாது. அதனை மனனப் பரீட்சையாக்குதலும் தகாது. ஆசிரியர் நினைவாற்றலை அளப்பதை விடுத்து, நியாயத்தை அளப்பாராக. மேற்படிப்பை நாடும் மாணாக்கர்காள்! நீவிர் அந்நாள் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பாடநூலில் ஒரு வரியைக் காணுந்தோறும், 'இதனை நிறுவிய சோதனை யாது? வேறு முடிவிற்கு இடமுண்டோ?' என வினவுமின். அவ்வினா எழும் நாளே உங்கள் ஆராய்ச்சியின் முதல் நாளாகும்.