குழுநிலையில் காணாமற்போன மாகாண சபை

மாகாண சபைத் தேர்தல் ஏன் இல்லை என்று கேட்டால் எங்கட ஊர்களில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அவங்கள் தரமாட்டாங்கள்." தேத்தண்ணிக் கடையிலும் இதுதான், தேர்தல் மேடையிலும் இதுதான். இப்படிச் சொல்லிவிட்டால் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தேர்தல் காணாமற்போனதற்கு ஒரு திகதி இருக்கிறது: 2017 செப்டெம்பர் 20. இடமும் இருக்கிறது: பாராளுமன்றம்.

அன்று சபைக்கு வந்தது மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம். வேட்புமனுக்களில் பெண்களின் பங்கை உறுதிப்படுத்துவதற்கென்று வெளியிடப்பட்ட சிறிய சட்டமூலம் அது. இரவு அது நிறைவேறி வெளியே வந்தபோது, மாகாண சபைத் தேர்தல் முறையே தலைகீழாக மாறியிருந்தது. விகிதாசார முறை போய், தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய முறை வந்திருந்தது. இடையில் என்ன நடந்தது? குழுநிலை நடந்தது.

ஒரு சட்டமூலம் போகிற பாதை இதுதான். முதலில் வர்த்தமானியில் வரும். பிறகு பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். அதிலிருந்து எண்ணி எடுத்த சில நாட்களுக்குள், இது அரசியலமைப்புக்கு முரண் என்று எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றம் போகலாம். அதன் பிறகு இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. கடைசியில் சபாநாயகர் சான்றுரைப்படுத்துவார். அவர் கையெழுத்து வைத்த பிறகு அந்தச் சட்டம் செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அரசியலமைப்பின் 80(3) உறுப்புரை அந்தக் கதவைப் பூட்டிவிடுகிறது. இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் தூக்கி எறியலாம். இங்கே அது நடக்காது.

அதாவது முழுப் பாதையிலும் சனத்தின் முறை ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. 2017 இல் பெரிய மாற்றம் செருகப்பட்டதோ குழுநிலையில், எங்கட முறை முடிந்த பிறகு. ஆதரவாக 159 வாக்குகள், எதிராக 37.

புதிய முறைக்குப் புதிய எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. கிழக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. அதன் பிறகு வருடக்கணக்காக மாகாணங்கள் ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்களின் கையில்.

இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாம் ஹன்சாட்டில் அச்சாகிக் கிடக்கிறது. அந்த இரண்டு நாட்களிலும் எங்கட எம்.பி.மார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், யார் சபையிலேயே இல்லை என்று எவரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் 2020 இலும் 2024 இலும் வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இந்தக் கேள்வியை எத்தனை ஊர்களில் கேட்டார்கள்? கேட்டதெல்லாம் றோட்டு, லைற், பிள்ளைக்கு ஒரு வேலை. ஒழுங்கையும் தெருவிளக்கும் பிரதேச சபையின் வேலை. அதைச் செய்து தாறன் என்று சொல்லும் எம்.பி. தன் வேலையைச் செய்யாமலே நல்ல பேர் எடுக்கிறார்.

பள்ளிக்கூடமும் இதற்கு உடந்தை. மொத்தம் 225, மாவட்டங்களிலிருந்து 196, தேசியப் பட்டியல் 29 என்று உயர்தர அரசறிவியலில் எங்களைப் பாடமாக்க வைத்தார்கள். குழுநிலையில் ஒரு சட்டமூலத்தின் உயிரையே மாற்றலாம் என்று எந்தக் கொப்பியிலும் எழுத வைக்கவில்லை.

"தெரிஞ்சு என்ன செய்யிறது? அங்க எங்கட ஆக்கள் கொஞ்சப் பேர்தானே" என்று சொல்லுவினம். சரி, எண்ணிக்கையையே பார்ப்போம். 2024 தேர்தலில் ஒரே கட்சி எடுத்தது 159 ஆசனம். மூன்றில் இரண்டுக்குத் தேவை 150. ஆகவே சபைக்குள் வாக்கால் எதையும் தடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கை இல்லாதவனுக்குத்தானே நடைமுறை தெரிந்திருக்க வேண்டும்? வர்த்தமானி வந்த அன்றே வாசித்து, நீதிமன்றம் போகக்கூடிய நாட்களுக்குள் சனத்துக்குத் தமிழில் சொல்ல எண்ணிக்கை தேவையில்லை. குழுநிலையில் புதுத் திருத்தம் வந்தால் எழும்பிக் கேட்கவும் தேவையில்லை. குரல் வாக்கெடுப்போடு முடிக்கப் பார்க்கும்போது பெயர் பதிகிற வாக்கெடுப்புக் கேட்கலாம். இதற்கெல்லாம் சபையில் இருக்க வேண்டும், வாசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 225 பேர் உள்ள சபைக்குக் கூட்ட நடப்பெண் வெறும் 20. வெற்றுக் கதிரைகளுக்கு முன்னால் முழங்கி, அதை வெட்டி முகநூலில் போடுவது எதிர்ப்பு அல்ல.

எங்கட கோரிக்கை பெரிதில்லை. தமிழ் பேசும் ஒவ்வொரு எம்.பி.யும், எந்தக் கட்சியானாலும், எத்தனை நாள் சபைக்குப் போனார், எந்தச் சட்டமூலத்துக்கு எப்படி வாக்களித்தார், ஏன் என்று வருடத்துக்கு ஒரு தடவை தமிழில் எழுதி வெளியிடட்டும். வெளியிடாதவரை அடுத்த தேர்தலில் சனம் வாசலிலேயே மறித்துக் கேட்கட்டும்.

மாகாண சபைத் தேர்தல் திரும்பி வருவதென்றாலும் இதே பாதையால்தான் வரவேண்டும்: ஒரு சட்டமூலம், ஒரு குழுநிலை, ஒரு கையெழுத்து. அந்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வருகிற நாளில் எங்கட வாசிகசாலைகளிலும் கழகங்களிலும் அதை வாசிக்க ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு குழுநிலையில் இன்னொன்று காணாமற்போகும். நாங்களும் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு "அவங்கள் தரமாட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.