காணிக்கைப் பையும் கணக்குப் புத்தகமும்

தென் மாவட்டக் கிராமச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம் தொடங்கிவிடும். கருப்பட்டி, முருங்கைக்காய்க் கட்டு, பூசணிக்காய், காலில் கயிறு கட்டிய சேவல் என்று வீட்டிலும் விளையிலும் கிடைத்ததை ஜனங்கள் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்மணி கொடுத்த நாலு முட்டையை, விடுமுறைக்கு ஊர் வந்திருப்பவர் சில நூறு ரூபாய்க்கு எடுப்பார். எடுத்த கையோடு திரும்பவும் ஏலத்துக்கே விட்டுவிடுவார். விலை ஏற ஏறக் கூட்டம் உற்சாகமாகிவிடும்.

அந்த நாலு முட்டைக்குக் கிடைத்த பணம் எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது, யார் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள், கடைசியில் எதற்குச் செலவாகிறது? கிறிஸ்தவ வாழ்க்கையில் உண்மையாக இருப்பது என்றால் என்ன என்று பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கன்வென்ஷன் மேடைகளில் உண்மையுள்ள ஊழியர் என்றதும் சிங்கக் கெபியில் போடப்பட்ட தானியேலும் இரத்தசாட்சிகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய உறுதி பெரிது. ஆனால் இயேசு இதைச் சொல்ல எடுத்துக்கொண்ட உவமைகளில் வருவது பணம். தாலந்து உவமையில் எஜமான் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வேலைக்காரர்களைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறான். சின்ன விஷயத்தில் நேர்மை தவறுகிறவனிடம் பெரிய பொறுப்பைக் கொடுக்க முடியாது என்ற பொருளில் இயேசு பேசும் இடம் லூக்கா 16ஆம் அதிகாரம். அதுவும் பண நிர்வாகத்தைப் பற்றிய உவமையின் தொடர்ச்சியே. பன்னிரு சீடரில் பணப்பையை வைத்திருந்த யூதாஸ் அதிலிருந்து எடுத்து வந்தான் என்பதை யோவான் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எருசலேமின் ஏழைகளுக்காக அவர் பல சபைகளில் காணிக்கை சேர்த்தார். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துச் செல்ல அவர் சம்மதிக்கவில்லை. தீத்துவோடு, சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவரையும் கூட அனுப்பினார். ஒருவரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது. கடவுளுக்கு முன்பாக மட்டும் நேர்மையாக இருந்தால் போதாது, மனிதர் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும் என்று கொரிந்தியருக்குக் காரணமும் எழுதினார். அப்போஸ்தலனே தன்மேல் கண்காணிப்பை வைத்துக்கொண்டான். அப்படியிருக்க, இன்று ஒரு சபைப் பொருளாளரிடம் கணக்குக் கேட்பது எப்படி விசுவாசக் குறைவாகும்?

இந்த வழியில் கடைசிவரை நடந்தவர் ஜார்ஜ் முல்லர். 1805இல் பிரஷியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை அரசுக்கு வரி வசூலிக்கும் அலுவலர். வீட்டில் வைத்திருந்த அரசுப் பணம் அடிக்கடி குறைந்தது. தந்தைக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் சிறு தொகையை எண்ணி, பையன் இருந்த அறையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து தேடியபோது பணம் பையனின் ஷூவுக்குள், பாதத்துக்கு அடியில் இருந்தது. பதினாறு வயதில் விடுதிக்குக் கொடுக்கக் காசில்லாமல் சிறைக்கும் போனான் அந்தப் பையன். இவற்றைத் தன் சரித்திரத்தில் எழுதிவைத்தவர் முல்லரே.

பிறகு மனந்திரும்பி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குடியேறிய அவர், 1836இல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். அது ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்களாக வளர்ந்தது. அவர் வாழ்நாளில் சுமார் 10,000 பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டுமே கேட்பது என்ற அவருடைய தீர்மானத்தைத் தமிழ்ப் பிரசங்கிமார் ஓயாமல் சொல்கிறார்கள். அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. வந்த ஒவ்வொரு பென்னியையும் அவர் எழுதிவைத்தார். கொடுத்தவரின் பெயரை வெளியிடாமல் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டார். சில்லறைக் காசு கொடுத்த வேலைக்காரப் பெண்ணும் அதில் தன் தொகையைத் தேடிப் பார்க்கலாம். ஏறத்தாழ 15 லட்சம் பவுண்ட் அவர் கைவழியே போயிற்று. 1898இல் அவர் இறந்தபோது சொந்த உடைமையாக மிஞ்சியது, புத்தகமும் மேசை நாற்காலியும் உட்படச் சுமார் 160 பவுண்ட்.

பக்தி மட்டும் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் வேப்பேரியில் வாழ்ந்த ஃபப்ரிசியஸை நினைக்கட்டும். 1740இல் ஜெர்மனியிலிருந்து வந்த அவர் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். 1779இல் அகராதி தந்தார். தமிழ் லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாக அவருடைய மொழிபெயர்ப்பையே வாசித்தன. அவர் மனதில் பணத்தாசை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்தார். கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791இல் அவர் இறக்கும்வரை அந்தத் துயரம் விடவில்லை. நல்ல மனிதரின் கையிலும், கேள்வி கேட்பாரில்லாத பணம் ஆபத்தே.

கொடுப்பவர்களின் உண்மைக்குக் குறை வந்ததில்லை. மிசோரம் பெண்கள் 1910 முதல், ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துவைக்கிறார்கள். அது இன்று கோடிக்கணக்கான ரூபாயாக ஊழியத்துக்கு உதவுகிறது. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது அந்நியப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. பனையேறிகளும் விவசாயிகளும் உபதேசியார்களும் கொடுத்ததில்தான், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா தாமே அங்கே போய்த் தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்ன பார்க்கிறார்கள்? திருமண்டலத் தேர்தலில் அணிகள்; பள்ளி, கல்லூரி நிர்வாகத்தைப் பிடிக்கப் போட்டி; சொத்து வழக்குகள். சபைத் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலைக்குத் தமிழ்நாட்டுத் திருச்சபை வந்திருக்கிறது. இது வெட்கத்துக்குரியது. சுயாதீனச் சபைகளிலும் பல இடங்களில் கணக்கு ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. கேட்கத் துணிகிறவர்களை, அபிஷேகம் பெற்றவருக்கு எதிராகப் பேசாதே என்று வாயடைக்கிறார்கள்.

இதை நேராக்கப் புதிய எழுப்புதல் கூட்டம் எதுவும் தேவையில்லை. காணிக்கையை எண்ணும்போது குடும்ப உறவில்லாத இருவர் உட்காரட்டும். மாத வரவுசெலவு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். வெளியாள் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, சபையார் முழுவதும் இருக்கும்போது வாசிக்கப்படட்டும். பல சிறிய சபைகள் இதைச் சத்தமில்லாமல் செய்துவருகின்றன. அங்குள்ள உபதேசியார்களும் பொருளாளர்களும் எந்தப் போஸ்டரிலும் வராதவர்கள். இந்தக் காலத்தின் உண்மையுள்ள ஊழியர்கள் அவர்களே.

சங்கக் காணிக்கை கட்டும் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு, கடமையும் உண்டு. அடுத்த சபைக் கூட்டத்தில் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத வரியை எழுந்து நின்று கேளுங்கள்.