துருவப் பனியும் எமது கரை மணலும்: கனிய மணல் அகழ்வு பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை

முல்லைத்தீவின் கொக்கிளாய்க் கரையில் கனிய மணல் அகழ்வது பற்றிய தீர்மானம் நெருங்கிவிட்ட இவ்வேளையில், கடற்றொழிலாளரும் கமக்காரரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் எமது சங்கம், நீண்ட விவாதத்தின் பின் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகின்றது.

1. கடல் உயர்கின்றது என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. மிதக்கும் பனி உருகுவதால் நீர்மட்டம் ஏறுவது அற்பமே. கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் நிலத்தின்மீது யுகயுகமாய்ப் படிந்த பனி கரைந்து சமுத்திரத்திற் சேர்வதும், வெப்பத்தினால் கடல்நீரே விரிவடைவதுமே பிரதான காரணங்கள். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததென்றும், 2006க்குப் பின் அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் ஏறியதென்றும் ஐக்கிய நாடுகளின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021இல் அறிவித்தது. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பினால் அருகே இழுத்து வைத்திருந்த நீர், அத்திரள் கரையுந்தோறும் விடுபட்டுத் தூரதேசங்களை நாடுமாதலால், துருவத்தின் நஷ்டம் எம்மைப் போன்ற வெப்பமண்டலக் கரைகளிலே கூடுதலாய்த் தெரியும்.

2. இந்த உண்மையையே அகழ்வை ஆதரிப்போர் எமக்கு எதிராகத் திருப்புகின்றனர் என்பதே எமது மனத்தாங்கல். கரை அரிக்கின்றதென்று முறையிட்டால், துருவத்திலே பனி உருகுகின்றது, அதற்கு யார் என்ன செய்வதென்று விடை வருகின்றது. பனியைத் தடுக்க எவராலும் இயலாதிருக்கலாம்; மணலை அள்ளாதிருக்க இயலாதா? வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொண்டுபோவதை ஈடுசெய்யும் சேமிப்பு அந்த மணல். மாரிமழையை உறிஞ்சி, உவர்நீரின்மேல் நன்னீரை மிதக்கவைத்துக் கிணறுகளைக் காப்பது அந்த மணல். கரைவலை இழுப்போர் கால் ஊன்றும் இடமும் அதுவே. 2004 மார்கழி 26இன் ஆழிப்பேரலையைக் கண்ட முல்லைத்தீவு மக்களுக்கு மணல்மேட்டின் பெறுமதியை எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1984இல் வெளியேற்றப்பட்டு ஊரிழந்து, அந்நிய நிலத்தில் பிள்ளைகளை வளர்த்து, திரும்பிவந்து தூர்ந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய மக்களிடம், அக்கிணறு இனிக் கடலுக்குரியதென்று கூற எவருக்கும் உரித்தில்லை.

3. கரையைக் காப்பதற்குக் கண்டற்காடுகளும் பேணப்படல் வேண்டும். நந்திக்கடல் களப்பின் தொடுவாய் வெட்டும் காலத்தைக் கடற்றொழிலாளரும் கமக்காரரும் கூடியே நிர்ணயித்தல் நன்று. கரையோரம் கல்லணை கட்டுவது பற்றி அபிப்பிராய பேதம் நீங்காமையால், அதனை இப்போதைக்கு ஆதரிக்கவுமில்லை, ஆட்சேபிக்கவுமில்லை.

4. கனிய மணலால் நாட்டுக்கு வருவாய் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அபிவிருத்தியைக் கொள்கையளவில் எதிர்ப்பவர்களும் அல்லேம். ஆயினும், கடல்மட்ட உயர்வையும் கணக்கிற் கொண்ட சுற்றாடல் மதிப்பீடு தமிழிலே வெளியிடப்பட்டு, ஊர்தோறும் மக்கள் முன்னிலையில் விளக்கப்படும்வரை, இவ்வகழ்வுக்கு உடன்பட முடியாது. ‘முடியாது’ என்பதற்குப் பதிலாக ‘கடினம்’ என்று எழுதலாமென்றொரு திருத்தம் சபையில் முன்வைக்கப்பட்டு, நிராகரிக்கப்பட்டது.