படித்ததைச் சொல்லுவோம்

சங்கத்து நண்பர்கள் இருவர் சந்தித்தால் நூல் விலையும் நெல் விலையும் பேசாமல் பிரிவதில்லை. தாம் படித்துவரும் புத்தகத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இதை ஒரு குறையென்றே நாம் கருதுகிறோம்.

1931-ஆம் ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் நூலகம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றது. இன்று பல ஊர்களில் கிளை நூலகம் உண்டு. வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆயினும் அலமாரியில் உறங்கும் நூலை வாசகர் கையில் சேர்ப்பது, நம்பிக்கைக்குரிய நண்பரின் சொல்லே.

கைத்தறி நெசவாளர் வாழ்வைக் கூறும் ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வெளிவந்தது. தஞ்சை உழவுத் தொழிலாளரின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'சேற்றில் மனிதர்கள்' நாவலில் எழுதினார். முன்னதை உழவரும் பின்னதை நெசவாளரும் படிக்க வேண்டுமென்பது நமது விருப்பம். தம் துயரை எவரும் அறிவர்; பிறர் துயரையும் அறிந்தாலன்றிக் கூட்டுறவு கணக்கேட்டோடு நின்றுவிடும்.

ஆகவே, மாதக் கூட்டத்தின் முடிவில் கால் மணி நேரம் இதற்கென ஒதுக்குவோம். நன்று என்பதோடு நில்லாமல், யாருக்கு, எதற்காக ஏற்றது என்பதையும் கூறுவோம். இரவல் பெற்ற புத்தகமும் கடனே. தவணை தவறாமல் திருப்பித் தருவோம்.