அவுட்பாஸில் செய்த குற்றத்துக்கு ஊர் நீதிமன்றம் போதும்

2021 செப்டம்பரில், கோவை ரெட்பீல்ட்ஸ் விமானப்படை நிர்வாகக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த பெண் அதிகாரி ஒருவர், சக அதிகாரி மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். கல்லூரி நிர்வாகத்தின் நடவடிக்கையில் நம்பிக்கை இழந்தே அவர் மாநகரப் போலீஸாரிடம் போனார். இருவிரல் சோதனைக்குத் தன்னை உள்ளாக்கினார்கள் என்றும் சொன்னார். விமானப்படைத் தளபதி அதை மறுத்தார். கைதானவரைச் சில நாட்களிலேயே கோவை நீதிமன்றம் விமானப்படையிடம் ஒப்படைத்தது. புகார் தந்தவரும் படையைச் சேர்ந்தவர் என்பதால் சட்டம் அதற்கு இடம் தந்தது. அவர் காந்திபுரத்துக் கடையொன்றில் வேலை பார்க்கும் பெண்ணாக இருந்திருந்தால், வழக்கு ஊர் நீதிமன்றத்தில்தான் நடந்திருக்கும். ஆனால், அமைதிக்காலத்தில் மட்டும். விமானப்படைச் சட்டத்தைப் போலவே 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 70ஆவது பிரிவும், சிவிலியன் பெண்ணை வன்கொடுமை செய்த சிப்பாயை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறது. சிப்பாய் களப்பணியில் இருந்தால் விசாரிக்கலாம் என்று அங்கேயே விலக்கும் தருகிறது. ஊரெங்கும் துப்பாக்கி நடமாடும் காலத்தில், பெண்ணுக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில், வழக்கு முகாம் வாயிலுக்குள் போய்விடலாம். அங்கே தீர்ப்புச் சொல்கிறவர்களும் படை அதிகாரிகளே. இந்த விலக்கை நீக்க வேண்டும் என்பதே நம் நிலை.

படையாளின் ஓய்வு நேரத்தைப் படையின் உள்விவகாரமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போனது. நீலகிரி கோவை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், ஜெகதளாவில் எழுந்த படைக்குடியிருப்புதான் பின்னாளில் வெலிங்டன் ஆனது. பிரிட்டிஷ் சிப்பாய்களில் மனைவியோடு வாழ அனுமதி கிடைத்தது சிலருக்கே. மற்றவர்களுக்காக, படையின் கண்காணிப்பிலேயே பாலியல் தொழில் நடந்தது. சென்னை மாகாணத்தில் வெலிங்டன் உட்படப் பல படை நிலையங்களில் 'லாக் ஆஸ்பத்திரி' இருந்தது. பெண்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, குறித்த நாளில் உடலைச் சோதித்து, நோய் கண்டால் அடைத்து வைத்தார்கள். சோதனைக்கு வராதவளுக்குத் தண்டனை. அவளிடம் வந்துபோன சிப்பாய்க்கு இந்த அளவு கெடுபிடி இல்லை. பிரிட்டிஷ் பெண்ணுரிமைப் போராளி ஜோசபின் பட்லர் போன்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 1888இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த முறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பதிவேடு போயிற்று, சிப்பாயின் நலனைப் படை பார்த்துக்கொள்ளும், பெண்ணின் கேட்டை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்ற மனப்பான்மை போகவில்லை.

சிவில் நீதிமன்றம் தலையிட்டால் படையின் மனவுறுதி குலையும் என்பார்கள். இலங்கை அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 1996 செப்டம்பரில் யாழ்ப்பாணம் செம்மணிச் சோதனைச் சாவடியில், பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவியைச் சிப்பாய்கள் வன்கொடுமை செய்து கொன்றார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அண்டை வீட்டுக்காரரும் கொல்லப்பட்டார்கள். போர் உச்சத்தில் இருந்த 1998இல், கொழும்பு உயர் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. அதனால் இலங்கை ராணுவம் கலைந்துவிடவில்லை. (அந்த ராணுவத்தின் மற்ற அட்டூழியங்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தையே பார்க்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.) படையைக் களங்கப்படுத்தப் பொய்ப்புகார் வரும் என்பது அடுத்த வாதம். வரலாம், யார் மீதும் வரலாம். பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் குறுக்கு விசாரணை இருக்கிறது. ராணுவ நீதிமன்றம் விரைவாகவும் கடுமையாகவும் தண்டிக்கும் என்பது உண்மையாகவே இருக்கட்டும்; குற்றம்சாட்டப்பட்டவரின் படை அதிகாரிகளே நீதிபதிகளாக இருந்தால், பாதிக்கப்பட்டவள் எப்படி நம்புவாள்?

சிப்பாயின் காதலையோ கல்யாணத்தையோ வேவு பார்க்கச் சொல்லவில்லை. மதுக்கரையிலும் சூலூரிலும் வேலை பார்க்கும் படையாள் அவுட்பாஸில் கடைவீதிக்கு வருகிறார், படம் பார்க்கிறார், இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொள்ளவும் செய்கிறார். அது அவரவர் விருப்பம். விருப்பம் மீறப்பட்டால் மட்டும் சீருடை கேடயமாகக் கூடாது. வன்கொடுமை வழக்கில் அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க முன் அனுமதி தேவையில்லை என்று குற்றவியல் சட்டத்தின் 2013 திருத்தம் சொல்லிவிட்டது. ஆனால் படையினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி கேட்கும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவு அப்படியே நிற்கிறது. அதை மாற்றச் சொன்ன, பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழுவின் 2013 பரிந்துரையை ஆண்ட கட்சிகள் எதுவும் ஏற்கவில்லை. விமானப்படைத் தளத்தையும் வெலிங்டனையும் தங்கள் தொகுதிப் பெருமையாகப் பேசும் கோவை, நீலகிரி எம்.பி.க்கள், இந்த இரு பிரிவுகளையும் திருத்தத் தனிநபர் மசோதாவாவது கொண்டுவரட்டும்.